பிழைச்செய்தி அச்சிடல் (சி மொழி)

சி மொழி நிரல் இயக்குதளத்திடம் கேட்ட வேலை நடக்காதபோது, காரணத்தை மனிதர் படிக்கும் வாக்கியமாகக் காட்டும் முறை. பீஎரர், ஸ்டர்எரர் என்னும் செயற்கூறுகள் இதற்கு உதவுகின்றன.

இயக்குதளம் தருவது எண் மட்டுமே. பிடிபி-11 கணினியில் நிரல் யூனிக்ஸ் இயக்குதளத்துக்கு விடுத்த அழைப்பு தோற்றால் செயலியின் கேரி பிட் 1 ஆகும்; பிழை எண் ஆர்0 பதிவகத்தில் வரும். சி நூலகம் அதை எர்ர்நோ என்ற மாறியில் வைத்தது. 2 என்றால் கோப்பு இல்லை, 13 என்றால் அனுமதி இல்லை, 28 என்றால் வட்டில் இடமில்லை. 1979-இல் வெளிவந்த யூனிக்ஸ் 7-ஆம் பதிப்பில் இவற்றுக்கான வாக்கியங்கள் ஓர் அட்டவணையில் இருந்தன. பீஎரர் அதிலிருந்து எடுத்து அச்சிட்டது.

பீஎரர் அச்சிடும் வாக்கியத்துக்கு முன்னால் நிரலின் பெயரை இடுமாறு அப்பதிப்பின் கையேடு சொன்னது. கோப்பின் பெயரை இடுவதே மேல். போடிநாயக்கனூர் ஏலக்காய் ஏல விலைகளை நாளுக்கொரு கோப்பாகப் படிக்கும் நிரலை எண்ணிப் பாருங்கள்: 'கோப்பு இல்லை' என்று மட்டும் சொன்னால் எந்த நாள் விலை காணவில்லை என்று யாருக்குத் தெரியும்? சி பாடத்தின் கோப்புப் பகுதிக்கு வரும்போதுதான் மாணவருக்கு இந்தத் தேவை புரியத் தொடங்கும்.

பிழை எண் 25-இன் கதை பேர்போனது. அதன் பழைய வாசகம், 'தட்டச்சு இயந்திரம் அல்ல'. வெளியீடு முனையத்துக்குப் போகிறதா என்று பழைய சி நூலகம் தானாகவே சோதித்தது. கோப்புக்குப் போனால் அச்சோதனை தோற்று, எர்ர்நோவில் 25 பதிந்தது. அச்சிடலோ ஒழுங்காக நடந்திருந்தது. அந்த நேரத்தில் எர்ர்நோவைப் பார்த்தவர்கள் இல்லாத தட்டச்சு இயந்திரத்தைத் தேடினார்கள். அழைப்பு தோற்றது உறுதியான பிறகே எர்ர்நோவைப் பார்க்க வேண்டும். அடுத்த அழைப்புக்கு முன் அதை எடுத்து வைத்துக்கொள்ளவும் வேண்டும்.

சி மொழிக்கு 1989-இல் வந்த ஆன்சி தரம் இரு செயற்கூறுகளையும் ஏற்றது. ஸ்டர்எரர் வாக்கியத்தைச் சரமாகத் திருப்பித் தருவதால், பதிவேட்டுக் கோப்பிலும் எழுதலாம். ஒரே நிரலுக்குள் ஒருசேர ஓடும் இழைகள் பெருகியபின், ஒன்றின் சரத்தை மற்றொன்று அழிக்காதிருக்க ஸ்டர்எரர்_ஆர் வந்தது. அதிலும் பாசிக்ஸ் தரத்தின் வடிவம் முழுஎண்ணையும், க்னூ வடிவம் சரத்தையும் திருப்பித் தருகின்றன. ஒரே பெயரில் இரண்டை வைத்தது வீண் தொல்லை. பழைய அட்டவணையைப் புதிய நிரல்கள் பயன்படுத்துவதை க்னூவின் சி நூலகமான ஜிலிப்சியின் 2020-இல் வெளியான 2.32 பதிப்பு நிறுத்தியது.

ஜிலிப்சியில் இந்தியத் தமிழுக்கு மொழியமைவு உண்டு. ஆனால் வாக்கியம் தமிழில் வர, மொழிபெயர்த்த செய்திக் கோப்பும் வேண்டும், நிரல் தன் தொடக்கத்தில் செட்லொகேல் செயற்கூறையும் அழைத்திருக்க வேண்டும். இவற்றில் ஒன்று குறைந்தாலும் ஆங்கில வாசகமே அச்சாகும்.