டிஃபென்ஸ் துறையில் 'லீட் டேட்டா இன்ஜினியர்' வேலை என்ன? ஒரு பழைய முகவரியால் 3 பேர் பலியான கதை தெரியுமா?

போர் என்றாலே ஏவுகணையும் டிரோனும்தான் ஞாபகத்துக்கு வரும். ஆனால் எங்கே தாக்கணும், எங்கே தாக்கவே கூடாது என்ற முடிவு டேட்டாவை நம்பியே எடுக்கப்படுகிறது. அந்த டேட்டாவைச் சரியாக வைத்திருக்கும் குழுவின் தலைவர்தான் லீட் டேட்டா இன்ஜினியர்.

டேட்டா தப்பானால் என்ன ஆகும்?

1999 மே 7 இரவு. யூகோஸ்லாவியா தலைநகர் பெல்கிரேடில் இருந்த சீனத் தூதரகத்தின் மீது அமெரிக்க விமானம் குண்டு வீசியது. சீனப் பத்திரிகையாளர்கள் 3 பேர் பலியானார்கள். ராணுவக் கொள்முதல் அலுவலகம்தான் இலக்கு, தூதரகம் புது இடத்துக்கு மாறிய விவரம் டேட்டாபேஸில் ஏறவே இல்லை என்று அமெரிக்கா விளக்கம் சொன்னது. சீனா அதை ஏற்கவில்லை.

அப்படியென்றால் இவர் என்ன செய்வார்?

ரேடார், செயற்கைக்கோள், டிரோன் என ஒவ்வொன்றும் ஒவ்வொரு வடிவத்தில் தகவல் அனுப்பும். நேரம், இடக்குறியீடு எல்லாவற்றையும் ஒரே அளவுகோலுக்குக் கொண்டு வரணும். ஒவ்வொரு பதிவும் எங்கிருந்து வந்தது, கடைசியாக எப்போது சரிபார்க்கப்பட்டது என்பதும் கூடவே இருக்கணும். யார் எதைப் பார்க்கலாம் என்ற கட்டுப்பாடும் தேவை. இத்தனைக்கும் வழிமுறை வகுத்து, குழு அதைப் பின்பற்றுகிறதா என்று பார்ப்பது லீடின் பொறுப்பு.

ஐடி கம்பெனி வேலை மாதிரியேதானா?

இல்லை. ரகசிய நெட்வொர்க்குகள் பொது இணையத்திலிருந்து பிரித்தே வைக்கப்பட்டிருக்கும். சந்தேகம் வந்தால் உடனே கூகுளில் தேட முடியாது. ஒரு சாஃப்ட்வேர் அப்டேட்டைக்கூட சோதித்த பிறகுதான் உள்ளே கொண்டு போகணும்.

யார் சேரலாம்?

அமெரிக்காவில் ரகசியத் தகவலைக் கையாள பொதுவாகக் குடியுரிமை வேணும். குடியிருந்த இடங்கள், வெளிநாட்டுத் தொடர்புகள், கடன் வரை விசாரிப்பார்கள். இந்தியாவில் டிஆர்டிஓ, 'கேட்' மதிப்பெண்ணை வைத்தும் விஞ்ஞானிகளைத் தேர்வு செய்கிறது. அரசு ரகசியங்களை வெளியே விட்டால் 1923-ம் ஆண்டின் அலுவல்சார் ரகசியச் சட்டம் பாயும்.

பைத்தான், எஸ்க்யூஎல் படித்தால் வேலைக்கு முயற்சி செய்யலாம். ஆனால் "இந்தப் பதிவு பழசு, இதை நம்பி முடிவெடுக்க வேண்டாம்" என்று மேலதிகாரியிடம் நேரத்தில் சொல்லும் தைரியமும் இந்த வேலைக்குத் தேவை.