கணனி முறைவழியாக்கியின் மிகைவேகமூட்டல்: ஒரு வரலாற்று நோக்கு

கணனியின் மூளை என வருணிக்கப்படும் முறைவழியாக்கி ஒரு கடிகாரத் துடிப்புக்கு அமைவாகவே இயங்குகின்றது. ஒரு செக்கனில் நிகழும் துடிப்புகளின் எண்ணிக்கையே அதன் மீடிறன். உற்பத்தியாளர் விதித்த மீடிறனுக்கு மேலாக அதனை இயக்குவதே ‘ஓவர்குளொக்கிங்’ எனப் பரவலாக வழங்கும் மிகைவேகமூட்டலாகும். இதனைப் பயில விழையும் ஒருவருக்கு இன்று சில எச்சரிக்கை விதிகள் கூறப்படுகின்றன. ஒரு வேளையில் ஒரு படியே ஏறுதல், வெப்பநிலையை இடையறாது அவதானித்தல், வோல்ற்றளவை இறுதியாகவே தொடுதல் என்பன அவற்றுள் முக்கியமானவை. இவற்றை வெறும் உபதேசங்களாகக் கொள்ளுதல் பொருந்தாது. ஒவ்வொரு விதியின் பின்னணியிலும் அனுபவமும் இழப்பும் உள்ளன என்பதை ஏறத்தாழ நாற்பது ஆண்டுக்கால வரலாறு புலப்படுத்துகின்றது.

முதற்கண், விதிக்கப்பட்ட வேகம் என்பது யாது என நோக்குதல் வேண்டும். ஒரே சிலிக்கன் தட்டிலிருந்து வெட்டியெடுக்கப்படும் சில்லுகள் யாவும் ஒரே தரத்தின அல்ல. உற்பத்தியாளர் அவற்றைச் சோதித்துத் தரம் பிரிக்கின்றனர். கடும் வெப்பத்திலும் பல்லாண்டுகள் பிழையின்றி இயங்கும்பொருட்டு ஓர் இடைவெளி விட்டே வேகத்தைக் குறிக்கின்றனர். மலிவான சில்லுக்குக் கேள்வி மிகும்போது, கூடிய வேகத்துக்குத் தகுதியான சில்லும் குறைந்த வேகக் குறியுடன் சந்தைக்கு வருவதுண்டு. எனவே, சில்லின்மீது பொறிக்கப்பட்ட எண்ணில் பொறியியலும் உண்டு, வணிகமும் உண்டு. மிகைவேகமூட்டலின் வரலாறு இவ்விரண்டுக்குமிடையே உள்ள வெளியில் நிகழ்ந்த வரலாறேயாகும்.

1981இல் வெளிவந்த ஐ.பி.எம். தனியாள் கணனி 4.77 மெகாஹேர்ட்ஸ் வேகத்தில் இயங்கியது. 1984இல் வந்த ‘ஏ.ரீ.’ என்னும் அதன் வழித்தோன்றலில் 12 மெகாஹேர்ட்ஸ் பளிங்கு ஒன்று பொருத்தப்பட்டிருந்தது. அதன் அரைப்பங்கான 6 மெகாஹேர்ட்ஸே முறைவழியாக்கியின் வேகம். பளிங்கைக் கழற்றி 16 மெகாஹேர்ட்ஸ் பளிங்கை இட்டால் வேகம் 8 ஆகும் என்பதைப் பயனாளர் விரைவிலேயே கண்டுகொண்டனர். கம்பனியோ பின்னைய இயந்திரங்களில் வேகத்தைச் சோதிக்கும் செய்நிரலைச் சேர்த்தது. விதித்த வேகம் மீறப்பட்டால் இயந்திரம் தொடங்க மறுத்தது. 1986இல் அதே கம்பனி 8 மெகாஹேர்ட்ஸ் ஏ.ரீ. கணனியை விற்பனைக்கு விட்டமை ஈண்டு மனங்கொள்ளத்தக்கது.

1992இல் வெளிவந்த இன்ரெல் 486 டீ.எக்ஸ்.2 முறைவழியாக்கியில் உள்வேகம் வெளிப்பாட்டையின் வேகத்தைப்போல் இருமடங்காயிற்று. இதன்பின், பாட்டை வேகத்தைப் பெருக்கற் காரணியாற் பெருக்க வருவதே முறைவழியாக்கியின் வேகம் என்னும் நிலை உருவாயிற்று. காரணியை உயர்த்துவது பயனாளருக்கு மட்டுமன்றி மோசடி வணிகருக்கும் வாய்ப்பாயிற்று. குறைந்த வேகச் சில்லின் குறியை அழித்துக் கூடிய வேகத்தைப் பொறித்து விற்றோர் பலர். தொண்ணூறுகளின் பிற்பகுதியில் இன்ரெல் பெருக்கற் காரணியைப் பூட்டியதற்கு இதுவும் ஒரு காரணமாகும்.

அப்பூட்டையும் தாண்டிய நிகழ்வு 1998 ஓகஸ்ட் மாதத்தில் வெளிவந்த செலரோன் 300ஏ ஆகும். அதன் காரணி 4.5, பாட்டை வேகம் 66 மெகாஹேர்ட்ஸ். பாட்டையை 100 மெகாஹேர்ட்ஸுக்கு மாற்றியபோது முறைவழியாக்கி 450 மெகாஹேர்ட்ஸை எட்டியது. அதே மாதம் வந்த பென்ரியம் 2இன் 450 மெகாஹேர்ட்ஸ் வகை ஏறத்தாழ 670 டொலர்; செலரோனோ ஏறத்தாழ 150 டொலர். செலரோனின் பதுக்கு நினைவகம் 128 கிலோபைற்றேயாயினும், சில்லினுள்ளேயே முழுவேகத்தில் இயங்கியதால் பல வேலைகளில் அது விலையுயர்ந்த உடன்பிறப்புக்கு நிகராக நின்றது. பணவசதி குறைந்த மாணவரும் இளைஞரும் உயர்நிலைக் கணனியின் ஆற்றலைப் பெற இது வழிசெய்தது. மிகைவேகமூட்டல் ஒரு சிறு குழுவினரின் பொழுதுபோக்கு என்ற நிலையிலிருந்து வெகுசனப் பயிற்சியாக மாறியமைக்கு இதுவே பிரதான காரணம் எனலாம்.

எனினும் எல்லாச் செலரோன்களும் 450ஐ எட்டவில்லை. எட்டாதவற்றை 83 மெகாஹேர்ட்ஸ் பாட்டையில் இயக்கியோர் மற்றோர் இடரை எதிர்நோக்கினர். இணைப்பு அட்டைகளுக்கான 33 மெகாஹேர்ட்ஸ் பாட்டை அப்போது 41ஐயும் தாண்டியது. வன்தட்டிலுள்ள தரவுகள் சிதையும் ஆபத்து நேர்ந்தது. ஓருறுப்பை விரைவுபடுத்துவது பிறவற்றையும் பாதிக்கலாம் என்பது இதனாற் பெறப்பட்ட பாடம்.

அடுத்த பாடம் வெப்பம் பற்றியது. 2000ஆம் ஆண்டளவில் ஏ.எம்.டி. கம்பனியின் அத்லன் சில்லின் மேற்பரப்பிலிருந்த இணைப்புப் புள்ளிகளைச் சாதாரண பென்சிற்கரியால் இணைத்தே பூட்டைத் திறக்க முடிந்தது. ஆயின், 2001இல் வெளியான ஒரு பரிசோதனைப் படத்தில், வெப்பமகற்றும் உலோகப் பாளத்தை நீக்கியதும் அத்லன் சில நொடிகளிற் கருகியது. பென்ரியம் 4 தன் வேகத்தைத் தானே குறைத்துத் தப்பியது. வோல்ற்றளவின் ஆபத்தோ இன்னும் நுட்பமானது. 1.5 வோல்ற்றளவில் இயங்க வேண்டிய பென்ரியம் 4 சில்லுகளை 1.7 வோல்ற்றுக்கு மேல் இயக்கிய சிலர், அவை சில வாரங்களிலோ மாதங்களிலோ திடீரெனச் செயலிழக்கக் கண்டனர். சில்லின் மின்வலு நுகர்வு மீடிறனுக்கும் வோல்ற்றளவின் வர்க்கத்துக்கும் நேர்விகித சமமாக அமைகின்றது. இரண்டையும் பத்து வீதம் உயர்த்தினால் நுகர்வு ஏறத்தாழ 33 வீதம் உயரும். பெறும் வேகம் சிறிது. கொடுக்கும் விலை பெரிது.

காலப்போக்கில் உற்பத்தியாளரே இக்கலையைத் தமதாக்கினர். இன்ரெல் 2008இல் தானாகவே வேகம் கூட்டும் முறையைப் புகுத்தியது. 2011இல் பூட்டற்ற ‘கே’ வகைகளை அதிக விலைக்கு விற்றது. ஆயினும் வரலாற்றின் முரண் 2024இல் வெளிப்பட்டது. அக்கம்பனியின் 13ஆம், 14ஆம் தலைமுறைச் சில்லுகள் சில, பயனாளர் எதையும் மாற்றாத நிலையிலும், மிகை வோல்ற்றளவினால் நிலைகுலைந்தன. கம்பனி திருத்த நுண்செய்நிரலை வெளியிட்டு, உத்தரவாதத்தை மேலும் இரண்டு ஆண்டுகள் நீடித்தது. சேதமுற்ற சில்லை அத்திருத்தத்தால் மீட்க இயலவில்லை. எல்லையை மீறுவோர் யாராயினும் பௌதிக விதி ஒன்றே.

இவ்வனுபவங்களின் திரட்டே இன்றைய பாதுகாப்பு முறை. தொடங்குபவர் முதலில் தரவுகளுக்குப் பிரதியெடுத்து, உத்தரவாத நிபந்தனைகளை அறிந்து, இயல்பு நிலையில் முழுச்சுமையின்போதுள்ள வெப்பநிலையைக் குறித்துக்கொள்ளல் வேண்டும். பின்னர் பாட்டையைத் தொடாது, பெருக்கற் காரணியை மட்டும் ஒரு படி உயர்த்தி, நீண்ட நேரக் கடுஞ்சோதனைக்கு உட்படுத்துதல் தகும். பிழை தோன்றினால் ஒரு படி இறங்குதலே முறை. வோல்ற்றளவை உயர்த்தத்தான் வேண்டுமெனின் மிகச் சிறிய அளவில் உயர்த்தி, வெப்பநிலை எல்லைக்கு வெகு கீழே நின்றுவிடல் நன்று. கணனி நின்றுபோவதைவிட, நில்லாது தவறான விடை தருவதே பேராபத்து என்பதையும் மறத்தலாகாது.

இன்றைய சில்லுகள் தொழிற்சாலையிலிருந்தே எல்லையை அண்மித்து வருவதால் பெறக்கூடிய ஆதாயம் சுருங்கிவிட்டது. 300 கொடுத்து 450 பெற்ற காலம் மீளப்போவதில்லை. ஆயினும் பொறிக்கப்பட்ட எண்ணை ஐயுறவும், அவ்வையத்தைச் சோதனையால் தீர்க்கவும், சோதனை காட்டும் எல்லைக்குப் பணியவும் அக்காலம் ஒரு தலைமுறையைப் பயிற்றியது. மிகைவேகமூட்டலின் நிலைத்த பேறு அதுவேயாகும்.