வீட்டைவிட்டுப் போன காரை ஷெல்ஃபில் நிறுத்த முடியுமா? ஸ்கேல் மாடல் கிட்டை நிஜ கார் மாதிரியே மாற்றுவது எப்படி?

வண்ணாரப்பேட்டை மாதிரி ஏரியாவில் கார் வைத்திருப்பது லேசுப்பட்ட விஷயம் இல்லை. வீட்டுக்குள் நிறுத்த இடம் இருக்காது. தெரு ஓரமாக ஒதுக்கி நிறுத்தி, போகிற வருகிற வண்டி உரசாமல் காவல் காக்கணும். அப்படிப் பார்த்துப் பார்த்து வைத்திருந்த கார் ஒருநாள் கைவிட்டுப் போகும். பணத்தேவைக்கு விற்றதாக இருக்கலாம். 2023 டிசம்பர் மிக்ஜாம் வெள்ளத்தில் மூழ்கிய கார்களைப் போல, ‘டோட்டல் லாஸ்’ ஆகி இன்சூரன்ஸ் மூலமாகப் போனதாகவும் இருக்கலாம்.

போன காரைத் திரும்பக் கொண்டுவர முடியாது. ஆனால் அதே நிறம், அதே நம்பர், அதே இடத்தில் அதே கீறல் என்று கையளவு காராகச் செய்து வைக்கலாம். அதற்கு ஸ்கேல் மாடல் கிட் உதவும்.

ஸ்கேல் மாடல் கிட் என்றால் என்ன?

கடையில் வாங்கி அப்படியே ஓட்டுகிற பொம்மை கார் இல்லை இது. பாடி, சீட், டேஷ்போர்டு, சக்கரம் எல்லாம் தனித்தனி பிளாஸ்டிக் பாகங்களாக ஒரு சட்டத்தில் ஒட்டிக்கொண்டு வரும். வெட்டி எடுத்து, பெயின்ட் அடித்து, பசை போட்டு நாமே சேர்க்கணும். கார் கிட்களில் அதிகம் புழங்கும் அளவு 1:24. அதாவது நிஜ காரில் 24 மில்லிமீட்டர், மாடலில் 1 மில்லிமீட்டர். 3,840 மி.மீ. நீளமுள்ள கார் 16 சென்டிமீட்டராக வரும்.

நம்ம ஊர் காருக்கு கிட் கிடைக்குமா?

இங்கேதான் சிக்கல். தமியா, அயோஷிமா, ஹசெகாவா போன்ற ஜப்பான் கம்பெனிகள் அவர்கள் ஊரில் ஓடும் கார்களைத்தான் அதிகம் செய்கின்றன. ஆனால் அதிலேயே நமக்கு ஒரு வழியும் இருக்கிறது. ஜப்பானிலும் ஸ்டீயரிங் வலது பக்கம். நம்மிடம் ஓடும் மாருதி கார்களில் பல, அங்குள்ள சுசூகி கார்களின் உறவுக்காரர்கள்.

உதாரணத்துக்கு, 2018-ல் இந்தியாவுக்கு வந்த ஸ்விஃப்ட். அதன் வேகமான அண்ணன் ஸ்விஃப்ட் ஸ்போர்ட் (இசட்சி33எஸ்) காருக்கு அயோஷிமா 1:24 கிட் இருக்கிறது. ‘ரெண்டும் ஸ்விஃப்ட்தானே, அப்படியே ஒட்டிட்டா போச்சு’ என்று தோன்றும். ஒட்டிப் பார்த்தால் அது உங்கள் வீட்டு காராக இருக்காது. ஏன் என்பதற்கு அளவுகளைப் பார்க்கணும்.

எங்கே வித்தியாசம் வருகிறது?

முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடையிலான தூரம் இரண்டிலும் 2,450 மி.மீ. அகலமும் ஒன்றுதான், 1,735 மி.மீ. நீளம் மட்டும் ஸ்போர்ட்டில் 50 மி.மீ. கூடுதல், அதாவது மாடலில் 2 மி.மீ. சக்கர இடைவெளி மாறாததால், இந்தக் கூடுதல் நீளம் சக்கரங்களுக்கு வெளியே, பம்பர்களில்தான் இருக்க முடியும். ஆகவே பாடியை நடுவில் வெட்ட வேண்டிய வேலையே இல்லை. பம்பரைத் தேய்த்து, பட்டி பார்த்து, வடிவத்தை மாற்றினால் போதும். ஸ்போர்ட்டின் இரண்டு பக்க சைலன்சர் குழாய்களையும் எடுத்துவிட வேண்டும்.

அடுத்தது உயரம். தரையிலிருந்து காரின் அடிப்பாகம் வரை ஸ்போர்ட்டில் 120 மி.மீ., நம்ம ஸ்விஃப்ட்டில் 163 மி.மீ. வேகத்தடைக்கும் பள்ளத்துக்கும் பழக்கப்பட்ட கார் அல்லவா! மாடலை 1.8 மி.மீ. அளவுக்குத் தூக்கி நிறுத்தணும். அச்சு உட்காரும் இடத்தில் மெல்லிய பிளாஸ்டிக் துண்டு வைத்தால் வேலை முடிந்தது.

சக்கரம்தான் முக்கியம். ஸ்போர்ட்டில் 195/45 ஆர்17 டயர். நம்மூர் ஆரம்ப மாடலில் 165/80 ஆர்14. கணக்குப் போட்டால் முழு விட்டம் முறையே 607 மி.மீ., 620 மி.மீ. 1:24 அளவில் அரை மில்லிமீட்டர்தான் வித்தியாசம், கண்ணுக்கே தெரியாது. ஆனால் டயரின் ரப்பர் பகுதி ஸ்போர்ட்டில் 88 மி.மீ., நம்ம காரில் 132 மி.மீ. அதாவது ரிம் சின்னது, ரப்பர் தடிமன். ‘இது நம்ம வண்டி’ என்று கண் அடையாளம் காண்பது பெரும்பாலும் இதை வைத்துத்தான். கிட்டில் வரும் பளபள அலாய் ரிம்மை ஒதுக்கிவிட்டு, சுமார் 15 மி.மீ. விட்டமுள்ள ரிம்மும் வீல் கப்பும் தேடணும். 3டி பிரின்ட் செய்து வாங்குகிறவர்களும் உண்டு.

எல்லா காருக்கும் இவ்வளவு சுலபமாக அமையாது. ஹசெகாவாவின் ஜிம்னி (ஜேஏ11) கிட்டை மாருதி ஜிப்சியாக மாற்ற நினைத்தால், சக்கர இடைவெளி 2,030 மி.மீ.யிலிருந்து 2,375 மி.மீ. ஆகணும். மாடலில் 14 மி.மீ.க்கும் மேல். பாடியை வெட்டி, நடுவில் துண்டு சேர்த்து, சேஸிஸையும் நீட்டணும். முதல் கிட்டிலேயே இதில் கை வைக்காமல் இருப்பது நல்லது.

கார் கையில் இருக்கும்போதே செய்ய வேண்டியது என்ன?

பலரும் கோட்டைவிடும் இடம் இது. கார் போன பிறகு போன் கேலரியைத் தேடினால் கல்யாண போட்டோவின் ஓரத்தில் பாதி பானெட்தான் கிடைக்கும்.

நாலு பக்கமும் நேராக நின்று போட்டோ எடுங்கள். கிட்டே போய் எடுத்தால் உருவம் வளைந்து தெரியும், தள்ளி நின்று ஜூம் செய்யணும். ஒரு படத்திலாவது காரோடு ஒட்டி இஞ்ச் டேப் தெரியட்டும். கலர் கோடு என்ன என்று சர்வீஸ் சென்டரில் கேட்டு எழுதி வையுங்கள். பிறகு டிங்கரிங் பார்த்த இடம், கதவோரத் துரு, பின்கண்ணாடி ஸ்டிக்கர், டேஷ்போர்டில் இருந்தது பிள்ளையாரா வேளாங்கண்ணி மாதாவா, சீட் கவர் நிறம் என்று எல்லாவற்றையும் படம் பிடியுங்கள். ஷோரூமில் நின்ற காருக்கும் உங்கள் காருக்கும் வித்தியாசமே இதெல்லாம்தானே.

கார் பெயின்ட்டையே மாடலுக்கு அடிக்கலாமா?

அடிக்கலாம், ஆனால் நேரடியாகக் கூடாது. கார் பெயின்ட்டில் கலக்கும் தின்னர் கிட்டின் பிளாஸ்டிக்கை அரித்துவிடும். முதலில் பிரைமர், அதன் மேல் மெல்லிசாகப் பல கோட். பாடியில் அடிப்பதற்கு முன் கிட்டின் சட்டத்தில் மிஞ்சிய துண்டில் அடித்துப் பாருங்கள். மெட்டாலிக் நிறம் என்றால் இன்னொரு தொல்லை. நிஜ காரின் மினுமினுப்புத் துகள் 16 செ.மீ. காரில் ஜிகினா மாதிரி தெரியும். மாடலுக்கென்றே வரும் நுண்துகள் பெயின்ட்தான் இதற்குச் சரி.

வடசென்னைக்காரர்களுக்குக் கூடுதல் கவனம் தேவை. கடல் பக்கம் என்பதால் காற்றில் ஈரம் அதிகம். ஈரக்காற்றில் லேக்கர் ஸ்பிரே அடித்தால் பெயின்ட் மேல் வெள்ளையாகப் புகை படிந்த மாதிரி ஆகிவிடும். மழை நாளில் ஸ்பிரே கேனைத் தொடவே வேண்டாம். கன்டெய்னர் லாரி ஓடும் ரோட்டுப் பக்கம் வீடு என்றால் தூசியும் சேரும். அடித்த கையோடு பாடியை ஒரு சுத்தமான டப்பா போட்டு மூடிவிடுங்கள்.

அதைவிட முக்கியம் பாதுகாப்பு. லேக்கர் வாசனை நுரையீரலுக்குக் கெடுதல், எளிதில் தீப்பிடிக்கும். ஒரே அறையில் சமையலும் படுக்கையும் உள்ள வீட்டில் அடிக்கவே கூடாது. மொட்டை மாடி சரி. துணி மாஸ்க் போதாது, ரசாயன ஆவியைத் தடுக்கும் ஃபில்டர் மாஸ்க் வேண்டும்.

நம்பர் பிளேட் எப்படி?

தண்டையார்பேட்டை ஆர்.டி.ஓ.வில் பதிவான கார் என்றால் டிஎன் 03 என்று தொடங்கும். உயர் பாதுகாப்பு நம்பர் பிளேட்டின் அளவு 500 x 120 மி.மீ. 1:24-ல் சுமார் 21 x 5 மி.மீ. கம்ப்யூட்டரில் இந்த அளவில் வடிவமைத்து, போட்டோ பேப்பரில் பிரின்ட் எடுத்து ஒட்டிவிடலாம். ஒளி ஊடுருவும் டீக்கல் பேப்பரில் வெள்ளைப் பின்னணி வராது, சாதாரண பிரின்டர்களில் வெள்ளை மை கிடையாது. 20 மி.மீ. அசோகச் சக்கர ஹாலோகிராம் 0.8 மி.மீ.யாகச் சுருங்கிவிடும். வெள்ளிப் பெயின்ட்டில் குண்டூசியைத் தொட்டு ஒரு புள்ளி வைத்தால் போதும்.

கிட்டே இல்லாத பழைய காருக்கு?

எண்ணூரிலேயே தயாரான காரை எடுத்துக்கொள்வோம். 1948-ல் ரகுநந்தன் சரண் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ், பிரிட்டனின் ஆஸ்டின் ஏ40 காரைத்தான் எண்ணூரில் பூட்டியது. 1955-ல் பெயர் அசோக் லேலண்ட் ஆகி, லாரியும் பஸ்ஸும்தான் அடையாளமாகிவிட்டன.

இங்கிலாந்தின் டிங்கி டாய்ஸ் அந்தக் காலத்திலேயே ஆஸ்டின் டெவன் காரை உலோக பொம்மையாகச் செய்தது. ஏ40-ன் நாலு கதவு வடிவம்தான் டெவன். இந்தப் பொம்மையில் கண்ணாடியும் இல்லை, உள்ளே சீட்டும் இல்லை. தாத்தா ஓட்டிய ஆஸ்டினை இதிலிருந்து செய்ய நினைத்தால், அடியில் உள்ள ஆணியை டிரில் செய்து பிரித்து, சீட், ஸ்டீயரிங், கண்ணாடிக்குத் தெளிவான பிளாஸ்டிக் தகடு எல்லாம் சேர்க்கணும். பழைய பெயின்ட் கெடாத டிங்கி காருக்கு சேகரிப்பாளர்களிடம் தனி மதிப்பு உண்டு, அதைச் சுரண்டிவிடாதீர்கள். பெயின்ட் உதிர்ந்து, டயர் போன ஒன்றைத் தேடி வாங்கினால் விலையும் குறையும், மனசும் உறுத்தாது.