லோரிச் சக்கரம் வளர்ந்த கதை



விடியுமுன் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு, மரத்துக்கு மரம் நடந்து நாம் வெட்டிச் சேர்த்த பால் எங்கே போகிறது? "டயர் செய்யப் போகிறது" என்று தோட்டத்துக் குழந்தையும் சொல்லிவிடும். உண்மைதான். உலகில் விளையும் இயற்கை ரப்பரில் பெரும்பகுதி டயருக்கே போகிறது. ஆனால் அந்த டயர் லோரியில் ஏறிய பிறகு நடந்த கதையை நாம் அதிகம் கேட்டதில்லை. டயரின் அளவு கூடினால் டீசல் மிச்சமாகுமா, கூடிய டயர் தன் இடத்தில் பொருந்துமா என்ற கேள்விக்கு நூறு ஆண்டு வரலாறு உண்டு.

காற்றடைத்த டயருக்கு 1845ஆம் ஆண்டிலேயே தாம்சன் என்பவர் உரிமை பெற்றிருந்தார். அது மறக்கப்பட்டுப் போக, 1888இல் பெல்பாஸ்ட் நகரில் டன்லப் என்ற கால்நடை மருத்துவர் தம் மகனின் மூன்று சக்கர வண்டிக்காக அதை மீண்டும் உண்டாக்கினார். சைக்கிளுக்கும் மோட்டார் காருக்கும் அது விரைவில் வந்துவிட்டது. லோரிக்கு மட்டும் வரவில்லை. அவ்வளவு பாரத்தைக் காற்று தாங்காது என்றே பலரும் நம்பினார்கள். ஆகவே லோரிகள் கெட்டி ரப்பர் வளையத்தின் மீது ஓடின. வேகமாக ஓட்டினால் சாலையும் உடையும், ஏற்றிய சாமானும் உடையும், ஓட்டுபவர் முதுகும் உடையும்.

1917இல் அமெரிக்காவின் குட்இயர் நிறுவனம் காற்றடைத்த டயர் மாட்டிய ஒரு லோரியை அக்ரான் நகரிலிருந்து பாஸ்டனுக்கு அனுப்பியது. முதல் பயணம் படாத பாடு பட்டது. டயர்கள் வெடித்தன, சேற்றில் புதைந்தன. ஆனாலும் லோரி போய்ச் சேர்ந்தது. பிறகு அதே பாதையில் ஒழுங்காகவே ஓடவும் தொடங்கியது.

இங்கேதான் பொருத்தம் என்ற தொல்லை முளைத்தது. அதிக பாரத்தைத் தாங்க அன்று தெரிந்த ஒரே வழி, டயரைப் பெரிதாக்குவது. டயர் பெரிதாக, லோரியின் தளம் தரையைவிட்டு மேலே மேலே போயிற்று. மூட்டை ஏற்றுகிறவர் தலைக்கு மேல் தூக்க வேண்டியதாயிற்று. இதற்குக் கண்ட தீர்வு அழகானது. ஒரு பெரிய சக்கரத்துக்குப் பதில், பின்னால் இரண்டு அச்சு வைத்துச் சிறிய சக்கரங்களைப் பூட்டினார்கள். இன்று செம்பனைக் குலை ஏற்றிச் செல்லும் லோரிக்குப் பின்னால் இரட்டை அச்சைப் பார்க்கிறோமே, அதன் முன்னோடிகளுள் ஒன்று அது.

இனி டீசல் கணக்குக்கு வருவோம். ஒரு மீட்டர் உயரமுள்ள டயர் ஒரு கிலோமீட்டர் போக ஏறக்குறைய 318 முறை சுற்ற வேண்டும். ஐந்து சென்டிமீட்டர் உயரம் கூடினால் 303 சுற்றே போதும். லோரியின் மீட்டரோ தூரத்தை அளப்பதில்லை, சுற்றைத்தான் எண்ணுகிறது. ஆக, லோரி உண்மையில் 105 கிலோமீட்டர் ஓடியிருக்க, மீட்டர் 100 என்றே காட்டும். மீட்டரைத் திருத்தாத முதலாளி என்ன நினைப்பார்? "ஓட்டம் குறைந்திருக்கிறது, டீசல் எங்கே போயிற்று?" என்று டிரைவரைச் சந்தேகிப்பார். சிறிய டயர் மாட்டினால் இதற்கு நேர்மாறு. ஓடாத தூரமும் ஓடியதாகக் காட்டும், எல்லாருக்கும் மகிழ்ச்சி! பாவம், பழி வருவது முதல் ஆளுக்குத்தான்.

மீட்டரைத் திருத்திய பிறகு உண்மையான மிச்சம் உண்டா? சமதரையில் உண்டாகலாம். பெரிய சக்கரம் என்பது உயர்ந்த கியரில் போவது போல. எஞ்சின் மெதுவாகச் சுற்றினாலே போதும். ஆனால் சைக்கிளில் உயர்ந்த கியரை வைத்துக்கொண்டு மேட்டில் மிதித்துப் பாருங்கள், கால் சொல்லும். தோட்டத்துச் செம்மண் மேட்டில் பாரத்தோடு ஏறும் லோரிக்கும் அதே கதிதான். எஞ்சின் திணறும், டிரைவர் கியரைக் குறைப்பார், மிச்சமான டீசல் அங்கே போய்விடும்.

உண்மையான சேமிப்பு உயரத்தில் வரவில்லை; டயரின் உள்கட்டில் வந்தது. ஒவ்வொரு சுற்றிலும் டயர் நசுங்கி நிமிர்கிறது. அப்படி நசுங்கும்போது டீசலின் சக்தியில் ஒரு பங்கு வெறும் சூடாக வீணாகிறது. காற்றுக் குறைந்த டயரைத் தொட்டுப் பார்த்தவருக்கு இது தெரியும். பிரான்சு நாட்டின் மிச்சலின் நிறுவனம் 1946இல் ரேடியல் டயருக்கு உரிமை பெற்று, 1952இல் லோரிக்கும் கொண்டு வந்தது. அதில் இழைகள் குறுக்குமறுக்காக இல்லாமல் ஓரத்திலிருந்து ஓரத்துக்கு நேராக ஓடும். மேலே எஃகுப் பட்டை இறுக்கிப் பிடிக்கும். சூடு குறைந்தது, டீசலும் குறைந்தது. 1973இல் எண்ணெய் விலை ஏறியபோது, அதுவரை தயங்கிய அமெரிக்காவும் இதன் பக்கம் திரும்பியது.

அதற்குள் செயற்கை ரப்பர் உலகச் சந்தையில் நம் பாலை முந்திவிட்டிருந்தது. ஆனால் பார லோரியின் ரேடியல் டயருக்கு, நசுங்கி நிமிரும்போது அதிகம் சூடேறாத ரப்பர் வேண்டும். அந்தக் குணம் மரத்துப் பாலில்தான் நிறைய உண்டு. டீசலை மிச்சப்படுத்தப் போனவர்கள் மறுபடியும் பால்மரத்தைத் தேடி வந்தார்கள்.

அளவு எண்ணிலும் ஒரு குழப்பம் உண்டு. ட்யூப் உள்ள பழைய பத்து-இருபது டயருக்குப் பதிலாக ட்யூப் இல்லாத 11 ஆர் 22.5 வந்தபோது, சக்கரம் பெரிதாகிவிட்டதென்று பலர் எண்ணினர். பெரிதானது ரிம் மட்டுமே; டயரின் பக்கச்சுவர் குட்டையானதால் வெளி உயரம் ஏறக்குறைய அப்படியே நின்றது. ஆனால் பழைய ரிம்மில் புதிய டயர் ஏறாது. ரிம்மையும் சேர்த்துத்தான் மாற்ற வேண்டும்.

பின்சக்கரத்தில் ஜோடியாக இருக்கும் டயர்களில் இன்னும் கவனம் தேவை. அகலம் கூடிய டயரைப் போட்டால் இரண்டும் ஒன்றோடொன்று உரசிச் சூடாகும். ஒன்று புதியது, மற்றது தேய்ந்தது என்று உயரம் மாறினால், உயரமானதே அதிக பாரத்தைச் சுமக்கும். குட்டையானது தரையில் தேய்ந்து இழுபடும். முன்சக்கரம் பெரிதானால், வளைவில் திருப்பும்போது மட்கார்டில் இடிக்கும். வெறும் லோரியில் இடிக்காதது, பாரம் ஏறி ஸ்பிரிங் அமுங்கியதும் இடிக்கும்.

2000ஆம் ஆண்டில் மிச்சலின் நிறுவனம் வட அமெரிக்காவில் இந்த ஜோடியையே எடுத்துவிட்டு, இரண்டின் இடத்தில் ஒரே அகலமான டயரை வைத்தது. எடை குறைந்தது, டீசலும் மிச்சமாயிற்று. ஆனால் அது வெடித்தால் பக்கத்தில் தாங்க இன்னொன்று இல்லை. லோரி நின்ற இடத்திலேயே நிற்கும். அதனால் நெடுஞ்சாலை லோரிக்காரர்கள் சிலர் அதை விரும்பி ஏற்றார்கள், கல்லும் மேடும் உள்ள பாதையில் ஓடுகிறவர்கள் பழைய ஜோடியையே வைத்துக்கொண்டார்கள்.