அப்பத்தின் அடைமொழி

யூனிவர்சிட்டி விடுதியில் என் அறை நண்பன் தினமும் தமிழில் ஜெபம் சொல்லிவிட்டுத்தான் தூங்குவான். கேட்டுக் கேட்டு எனக்கே மனப்பாடம் ஆகிவிட்டது. அதில் அப்பத்துக்கு முன்னால் 'அன்றன்றுள்ள' என்று ஒரு அடைமொழி வரும். எளிமையான சொல். அதன் மூலமான கிரேக்கச் சொல்லுக்கு இன்றுவரை யாராலும் உறுதியாகப் பொருள் சொல்ல முடியவில்லை என்பது வேலைக்குச் சேர்ந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

அந்தச் சொல் 'எபியூசியோஸ்'. மத்தேயு, லூக்கா இரண்டிலும் இந்த ஜெபத்துக்குள் மட்டுமே வருகிறது. 3ஆம் நூற்றாண்டில் ஒரிஜென் இதைப் பார்த்துத் திகைத்திருக்கிறார். கிரேக்கத்திலேயே படித்து, கிரேக்கத்திலேயே எழுதியவர் அவர். அறிஞர்களும் எழுதாத, சாதாரண ஜனங்களும் பேசாத சொல் இது. நற்செய்தி எழுதியவர்களே உண்டாக்கியிருக்க வேண்டும் என்றார்.

சொல்லைப் பிரித்துப் பார்த்தாலும் சிக்கல்தான். 'ஊசியா' என்றால் இருப்பு, சாரம். அதிலிருந்து வந்திருந்தால் உயிர்வாழத் தேவையான அப்பம், அல்லது பொருளையெல்லாம் கடந்த அப்பம். 'எபியூசா' என்றால் அடுத்து வருகிற நாள். அப்படியானால் நாளைக்கான அப்பம். லத்தீனில் ஜெரோம் லூக்காவில் 'தினசரி' என்று விட்டுவிட்டு, மத்தேயுவில் 'பொருளைக் கடந்த' என்று போட்டார். ஒரே ஆள், ஒரே சொல், ரெண்டு அர்த்தம்!

1889இல் ஒரு வெளிச்சம் தெரிந்தது. எகிப்தின் ஹவாராவில் கிடைத்த பாப்பிரஸ் ஒன்றை சேஸ் என்ற அறிஞர் படித்து வெளியிட்டார். அது வெறும் செலவுக் கணக்கு. அதில் இந்தச் சொல்லின் முன்பாதி இருந்தது. செலவுக் கணக்கில் வந்தால் 'அன்றாடப் படி' என்றுதானே பொருள்? அகராதிகள் அதைச் சான்றாக எடுத்துக்கொண்டன. பாப்பிரஸோ காணாமல் போய்விட்டது.

1998இல் அது யேல் பல்கலைக்கழக நூலகத்தில் அகப்பட்டது. மறுபடி படித்தவர்கள் அங்கே கண்டது 'எலாயு'. அதாவது எண்ணெய். ஒரே ஒரு டேட்டா பாயிண்டை நம்பி கிராஃப் வரைந்த கதை. லேபில் நானும் வரைந்திருக்கிறேன்.

எனக்கு 'நாளைக்கான' என்பதே சரியாகப் படுகிறது. மத்தேயுவிலேயே திராட்சைத் தோட்டத்து ஆட்களுக்குக் கூலி சாயங்காலம்தான் கிடைக்கிறது. அதை வைத்து வாங்கும் மாவு மறுநாள் சாப்பாட்டுக்கு. நாள்கூலிக்காரர் இன்றே நாளைய அப்பத்தைக் கேட்பது பேராசையா என்ன?

நண்பனிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்போ மாசச் சம்பளக்காரன் எதைடா கேக்குறது?" என்றான்.