ஜப்பானியர் ஆக்கிய கறி



ஒரு நாட்டின் வரலாற்றை அரசர் பெயர்களைக் கொண்டும் போர் நடந்த ஆண்டுகளைக் கொண்டும் மட்டும் அறிந்துவிட இயலாது. அந்நாட்டு மக்களின் உண்கலத்தையும் நோக்குதல் வேண்டும். ஜப்பானியர் பெரிதும் விரும்பி உண்ணும் உணவுகளுள் ஒன்று 'கரே ரைசு' என்பது. சோற்றின் அருகே பழுப்பு நிறமான கெட்டிக் குழம்பை ஊற்றிக் கரண்டியால் எடுத்து உண்பர். 'கரே' என்பது வேறன்று, நம் 'கறி'யே. போர்த்துகீசியரின் 'கரில்', ஆங்கிலேயரின் 'கர்ரி' ஆகியவற்றுக்கு மூலம் தமிழ்ச் சொல்லே என்பது சொல்லாராய்ச்சியாளர் பலரின் கொள்கை.

ஆயினும் இவ்வுணவு நம் நாட்டிலிருந்து நேரே ஜப்பானுக்குச் செல்லவில்லை. இங்கிலாந்து வழியாகச் சென்றது. 1747ஆம் ஆண்டிலேயே ஹன்னா கிளாஸ் என்னும் அம்மையார் இலண்டனில் வெளியிட்ட சமையல் நூலில் இந்திய முறைக் கறிக்கு ஒரு குறிப்பு உண்டு. பின்னர் ஆங்கிலேயர் மசாலைப் பொடியைப் புட்டிகளில் அடைத்து விற்கலாயினர். கோதுமை மாவை வெண்ணெயில் வறுத்துச் சேர்த்துக் குழம்பைக் கெட்டியாக்கும் தங்கள் முறையையும் அதனோடு இணைத்தனர்.

இருநூறு ஆண்டுகளுக்கு மேல் பிற நாடுகளோடு பெரிதும் தொடர்பின்றி இருந்த ஜப்பான், 1854இல் தன் கதவைத் திறந்தது. 1868இல் மெய்ஜி ஆட்சி தோன்றியது. மேனாட்டுக் கல்வி, இரயில், உடை ஆகியவற்றோடு மேனாட்டு உணவும் புகுந்தது. 1872இல் வெளிவந்த இரண்டு சமையல் நூல்களில் கறி செய்யும் முறை காணப்படுகிறது. அவற்றுள் ஒன்று தவளை இறைச்சியையும் சேர்க்கச் சொல்கிறது! கறியை இந்திய உணவாக அன்றி, ஆங்கிலேய உணவாகவே ஜப்பானியர் முதலில் அறிந்தனர்.

இனி, உயிர் காக்கும் போராட்டம் ஒன்றைக் கூற வேண்டும். அக்காலத்து ஜப்பானியக் கடற்படையினர் தீட்டிய வெள்ளரிசிச் சோற்றையே பெரிதும் உண்டனர். 'பெரிபெரி' என்னும் நோய் அவர்களை வாட்டியது. 1882ஆம் ஆண்டின் இறுதியில் புறப்பட்ட 'ரியூஜோ' என்னும் பயிற்சிக் கப்பலில் சென்ற 376 பேரில் 169 பேர் நோயுற்றனர்; 25 பேர் இறந்தனர். கடற்படை மருத்துவர் தகாகி கனேஹிரோ, நோய்க்குக் காரணம் உணவே என்று கருதினார். 1884இல் 'சுகுபா' என்னும் மற்றொரு கப்பலை ஏறத்தாழ அதே வழியில் அனுப்பச் செய்து, இறைச்சியும் ரொட்டியும் மிகுந்த உணவை அளித்தார். அப்பயணத்தில் பெரிபெரியால் ஒருவரும் இறக்கவில்லை. புரதக் குறைவே காரணம் என்று அவர் தந்த விளக்கம் பிழையானது. தவிட்டில் உள்ள பி1 என்னும் உயிர்ச்சத்தின் குறைவே காரணம் என்பது பின்னர்த் தெளிவாயிற்று. எனினும் அவர் கண்ட தீர்வு பலித்தது. தரைப்படையினரோ வெள்ளரிசியை எளிதில் கைவிடவில்லை. 1904–05இல் நிகழ்ந்த உருசியப் போரில் அப்படையினர் பல்லாயிரவர் இந்நோய்க்கு இரையாயினர்.

கடற்படையில் மேனாட்டு முறை உணவு நிலைபெற்றபோது கறியும் இடம் பெற்றது. 1908இல் வெளியான கடற்படைச் சமையல் கையேடு, இறைச்சி, உருளைக்கிழங்கு, காரட், வெங்காயம், கோதுமை மாவு ஆகியவற்றைக் கொண்டு கறி சமைக்கும் முறையை விளக்குகிறது. படையிலிருந்து வீடு திரும்பியோர் அச்சுவையைத் தம் ஊருக்குக் கொண்டு சென்றனர். இன்றும் ஜப்பானின் கடல்சார் தற்காப்புப் படையில் வெள்ளிக்கிழமைதோறும் கறியுணவு பரிமாறும் வழக்கம் உண்டு.

இந்தியாவோடு நேர்த்தொடர்பு பின்னர் ஏற்பட்டது. வைஸ்ராய் ஹார்டிஞ்சு மீது 1912இல் குண்டு வீசிய நிகழ்ச்சியில் தேடப்பட்ட விடுதலை வீரர் ராஷ் பிஹாரி போஸ், 1915இல் ஜப்பானுக்குத் தப்பிச் சென்றார். டோக்கியோவில் ஷிஞ்ஜுகு என்னும் பகுதியில் 'நகமுராயா' என்ற ரொட்டிக்கடையை நடத்திய சோமா குடும்பத்தார் அவரை மறைத்து வைத்துக் காத்தனர். பின்னர்த் தம் மகளையும் மணம் செய்து கொடுத்தனர். 1927இல் அக்கடையில் இந்திய முறைக் கோழிக்கறி விற்பனைக்கு வந்தது. ஆங்கிலேயர் வழியே வந்த மாவுக் குழம்பு இந்தியக் கறி ஆகாது என்று காட்டவே போஸ் அதனைச் செய்வித்தார் என்பர். நாடிழந்த ஒருவர்க்குத் தம் நாட்டின் பெயரைக் காக்கச் சமையலறையும் ஒரு களமாயிற்று.

ஜப்பானில் கறி பல உருவம் கொண்டது. மாவுக்குள் கறியை வைத்து எண்ணெயில் பொரித்த கறி ரொட்டி உண்டு. தடித்த கோதுமை நூலுணவின் மேல் கறியை ஊற்றிய 'கரே உதோன்' உண்டு. பொரித்த பன்றியிறைச்சித் துண்டைச் சோற்றின் மேல் வைத்த 'கட்சு கரே' உண்டு. ஊருக்கு ஊர் வேறுபாடும் உண்டு. கனசவாவில் கருமையும் கெட்டியுமான கறியை எஃகுத் தட்டில் முட்டைக்கோசுத் துருவலோடு தருவர். கியூஷுவின் மொஜித் துறைமுகத்தில் கறியும் சோறும் பாலாடைக்கட்டியும் சேர்த்துச் சுட்டுத் தருவர். குளிர்மிகுந்த சப்போரோவிலோ, நம் இரசம் போல் நீர்த்த கறியில் பெரிய காய்கறித் துண்டுகள் மிதக்கும்.

வீட்டுச் சமையலை எளிதாக்கியது தொழில்திறன். மசாலையும் மாவும் கொழுப்பும் சேர்த்து இறுக்கிய கட்டிகள் இரண்டாம் உலகப் போருக்குப் பின் பரவின. 1963இல் ஆப்பிளும் தேனும் சேர்த்த, காரம் குறைந்த கட்டி வந்தது; குழந்தைகளும் அதனை விரும்பினர். 1968இல், சமைத்த கறியைப் பைக்குள் அடைத்து உயர்ந்த வெப்பத்தில் நுண்ணுயிர் நீக்கிய 'பான் கரே' கடைக்கு வந்தது.

மாணவர்களே, இது கறியே அன்று என்று நம்மவர் சிலர் நகைக்கக்கூடும். ஆனால் நம் குழம்பில் இடும் மிளகாய் அமெரிக்கக் கண்டத்திற்கு உரியது. போர்த்துகீசியர் கொணர்ந்த பின்னரே நம் நாட்டில் பரவியது. இன்று அதனை அயற்பொருள் என்பார் யார்? கடன் பெற்றதைப் பலகாலம் உழைத்துப் பண்படுத்தியவர்க்கு அதில் உரிமை பிறக்கிறது. ஜப்பானியக் கறிக்கடை நிறுவனம் ஒன்று 2020இல் டில்லியை அடுத்த குருகிராமில் கிளை திறந்தது. கடல் கடந்து சென்ற சொல், புதிய சுவையோடு இந்தியாவுக்குத் திரும்பி வந்தது. அதனை விருந்தினராக வரவேற்பதே நமக்கு அழகு.