உலாவி மாற்றமும் நீட்சிகளும்: ஒரு வரலாற்று நோக்கு

இணைய உலாவியின் வரலாறு பெரும்பாலும் நிறுவனங்களுக்கிடையே நிகழ்ந்த போட்டியின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. 1993 இல் இலினோய் பல்கலைக்கழகத்தில் தோன்றிய மொசெயிக், 1994 இல் வெளிவந்த நெற்ஸ்கேப் நவிகேற்றர், அதனை வீழ்த்திய மைக்ரோசொவ்ற்றின் இன்ரநெற் எக்ஸ்புளோரர், 2008 இல் களம்புகுந்த கூகுள் குரோம் என அது முடிமாற்றக் கதையாக அமைகின்றது. அரசர் பெயர்களை நிரைப்படுத்துவதோடு வரலாறு முடிந்துவிடுவதில்லை. உலாவி மாறியபோது அதனை நாள்தோறும் கையாண்டோர் எவற்றை இழந்தனர், இழந்தவற்றை எவ்வழியாற் மீளப்பெற முயன்றனர் என்ற வினாக்களும் ஆராயத்தக்கனவே. அவர்கள் பெரிதும் நாடிய வழி நீட்சியாகும். உலாவியை ஆக்கியோர் அல்லாத பிறர் எழுதி, அதனுடன் இணைத்துக்கொள்ளத் தரும் சிறு மென்பொருளே நீட்சி எனப்படும். பழைய உலாவியின் வசதியொன்று புதியதில் நீட்சியாகத் திரும்பி வரும்போது தோற்றத்தில் அது முன்னையதே. ஆயின் அதன் ஆயுள் எவர் கையில் உள்ளது என்பது மாறிவிடுகின்றது. ஒபேராவிலிருந்து பயர்பொக்சுக்குப் பெயர்ந்தோரின் வரலாறு இதனைத் தெளிவாகக் காட்டும்.

ஒபேரா நோர்வே நாட்டில் 1994 இல் ரெலினோர் நிறுவனத்தின் ஆய்வு முயற்சியாகத் தொடங்கி, அடுத்த ஆண்டிலே தனி நிறுவனமாயிற்று. ஜோன் வொன் ரெற்ஸ்னரும் கெயர் இவர்சோயும் அதன் மூலவர்கள். வேண்டுவன யாவும் உலாவிக்குள்ளேயே அமைதல் வேண்டும் என்பது அவர்களின் கொள்கை எனலாம். பல பக்கங்களை ஒரே சாளரத்துள் திறந்து வைக்கும் முறை அதில் தொடக்கத்திலிருந்தே காணப்பட்டது. சுட்டியின் பொத்தானை அழுத்தியபடி ஒரு கோடு இழுத்தால் முன்பக்கத்துக்குத் திரும்பவோ பக்கத்தை மூடவோ உதவும் சுட்டிச் சைகை 2001 இல் வந்தது. மின்னஞ்சலும் குறிப்பேடும் உள்ளேயே இருந்தன. திறந்த பக்கங்களின் தாவல்களை மேலோ கீழோ பக்கவாட்டிலோ அவரவர் விரும்பியவாறு நிறுத்தலாம். இவை யாவும் ஒரே கூட்டத்தார் எழுதியவை ஆதலின், ஒன்றோடொன்று முரணாது இயங்கின.

பயர்பொக்சின் பிறப்போ இதற்கு நேர்மாறான கொள்கையின்பாற்பட்டது. நெற்ஸ்கேப் தனது மூலநிரலை 1998 இல் பொதுவில் வெளியிட்டபின், மொசில்லா திட்டத்தார் அஞ்சல், பக்க ஆக்கம் முதலிய யாவற்றையும் ஒருங்கே கொண்ட பெருந்தொகுதி ஒன்றை ஆக்கினர். அதன் பாரம் கண்டு சலித்த சிலர் 2002 இல் சிறியதோர் உலாவியைத் தனியே பிரித்தெடுத்தனர். அதுவே 2004 நவம்பரில் பயர்பொக்ஸ் 1.0 ஆக வெளிவந்தது. கரு சிறியதாக இருக்கட்டும், வேண்டுவோர் வேண்டுவதை நீட்சியாகச் சேர்த்துக்கொள்ளட்டும் என்பதே அதன் அடிப்படை. அதன் முகப்பே நீட்சி எழுதுவோர் மாற்றியமைக்கக்கூடிய மொழியில் எழுதப்பட்டிருந்தமையால், நீட்சி உலாவிக்கு நிகரான அதிகாரத்துடன் உள்ளே புகுந்து எப்பொத்தானையும் பெயர்க்க முடிந்தது. விளம்பரத் தடுப்பு முதலிய பல வசதிகள் இவ்வாறே பரவின.

2013 பெப்ரவரியில் ஒபேரா நிறுவனம் தனது சொந்தக் காட்சிப்பொறியான பிறெஸ்ரோவைக் கைவிடுவதாக அறிவித்தது. தனது உலாவிகளை மாதந்தோறும் 300 மில்லியன் பேர் பயன்படுத்துவதாக அந்நிறுவனம் கூறிய காலம் அது. இணையத்தளங்களை ஆக்குவோர் பிற பொறிகளையே கருத்திற்கொண்டு எழுதியமையால், ஒபேராவில் அவை பிழைபடத் தோன்றின; அதனை ஈடுசெய்வதிலேயே அதன் உழைப்பு செலவாயிற்று. அவ்வாண்டு யூலையில் குரோமியத்தை அடியாகக் கொண்டு வெளிவந்த ஒபேரா 15, பழைய பெயரைத் தாங்கிய புதிய உலாவியேயாகும். பக்கக்குறி மேலாண்மை இல்லை. தாவல்களை இடம்மாற்ற வழியில்லை. மின்னஞ்சல் தனி மென்பொருளாகப் பிரிக்கப்பட்டது. பக்கக்குறியைக்கூடக் கைவிட்டுவிட்டு வெளிவந்த துணிவு வியப்புக்குரியது. (அது 2014 இல் மீண்டும் சேர்க்கப்பட்டது.) பழைய பயனர் சிலர் 12 ஆம் பதிப்பிலேயே தங்கினர், வேறு சிலர் பயர்பொக்சுக்குச் சென்று, சைகைக்கு ஒரு நீட்சி, தாவலுக்கு ஒரு நீட்சி எனத் தமது பழைய வீட்டைத் துண்டு துண்டாக மீளக் கட்டினர்.

அக்கட்டடம் நான்கு ஆண்டுகளே நிலைத்தது. 2015 இல் முன்னறிவிக்கப்பட்டவாறு, 2017 நவம்பர் 14 அன்று வெளிவந்த பயர்பொக்ஸ் 57 பழையமுறை நீட்சிகள் யாவற்றையும் செயலிழக்கச் செய்தது. மொசில்லாவின் காரணங்கள் புறக்கணிக்கத்தக்கன அல்ல. உலாவியின் உள்ளுறுப்புகளைத் தொட்டு இயங்கிய நீட்சிகள், அவ்வுறுப்புகள் மாறுந்தோறும் முறிந்தன. 2011 முதல் ஆறு வாரத்துக்கொரு பதிப்பு வெளிவந்தமையால் இம்முறிவு அடிக்கடி நேர்ந்தது. இணையப்பக்கத்தை உலாவியின் முகப்பினின்றும் பிரித்து வேறொரு செயன்முறையில் இயக்கும் திட்டத்துக்கும் அவை தடையாயின. கட்டற்ற அதிகாரம் பெற்ற நீட்சி தீயோர் கையிற் சிக்கின் விளையும் கேடும் வெளிப்படை. ஆயினும் பழைய கதவுகள் அடைக்கப்பட்ட வேகத்துக்கு ஈடாகப் புதியன திறக்கப்படவில்லை என்பதே என் கருத்து.

சைகையையே சான்றாகக் கொள்வோம். பயர்ஜெஸ்சர்ஸ் என்னும் பழைய நீட்சி 57 உடன் முடிவுற்றது. அதனிடத்தில் வந்த புதிய நீட்சிகள் இணையப்பக்கத்தினுள்ளேயே இயங்குகின்றன. ஆதலின் உலாவியின் சொந்த அமைப்புப் பக்கங்களிலும், மொசில்லாவின் நீட்சித் தளத்திலும் அவை செயற்படமாட்டா. ஒபேராவில் எங்கும் இயங்கிய கைப்பழக்கம் இங்கே சில இடங்களில் திடீரென வெறுமையாகின்றது. தாவல்களைக் கிளைவடிவில் பக்கவாட்டில் காட்டும் றீ ஸ்ரைல் ராப் என்னும் நீட்சி புதிய முறைக்கு மாற்றி எழுதப்பட்டது உண்மை. ஆயினும் மேலேயுள்ள தாவல் வரிசையை மறைக்கும் அதிகாரம் அதற்கு வழங்கப்படவில்லை. பயனரே தனிக்கோப்பு ஒன்றில் விதி எழுதி அதனை மறைக்கவேண்டியதாயிற்று.

மற்றுமொரு நிகழ்ச்சி ஈண்டு மனங்கொள்ளத்தக்கது. நீட்சிகள் மொசில்லாவின் ஒப்பம் பெற்றிருத்தல் வேண்டும் என்ற விதி முன்னரே கட்டாயமாக்கப்பட்டிருந்தது. 2019 மே மாதத் தொடக்கத்தில் அவ்வொப்பத்துக்கு ஆதாரமான சான்றிதழ் ஒன்று காலாவதியாக, உலகெங்கும் பயர்பொக்ஸ் பயனரின் நீட்சிகள் நின்றுபோயின. ஓரிரு நாளில் திருத்தம் வந்தது. நீட்சியை எழுதியவரிடத்தும் குற்றமில்லை, பயன்படுத்தியவரிடத்தும் குற்றமில்லை. இருவரும் செய்யக்கூடியதும் அதிகம் இல்லை.

ஒபேராவிலிருந்து விலகிய வொன் ரெற்ஸ்னர் தொடங்கிய விவால்டி 2016 இல் அதன் முதற் பதிப்பை வெளியிட்டது. சைகை, பக்கவாட்டுத் தாவல், குறிப்பேடு யாவும் அதில் மீண்டும் உள்ளமைந்தவையாயின; ஆயினும் அதன் பொறி குரோமியமே. பயர்பொக்சும் 2025 மார்ச்சில் பக்கவாட்டுத் தாவலைத் தன்னுள் சேர்த்துக்கொண்டது. இதற்கிடையில், நீட்சிகளுக்கான விதிகளைக் கூகுள் மாற்றியமைத்தமையால், யூபுளொக் ஒரிஜின் என்னும் விளம்பரத் தடுப்பு நீட்சி 2024 முதல் குரோமில் படிப்படியாகச் செயலிழக்கச் செய்யப்பட்டது. அதன் ஆற்றல் குறைந்த வடிவமே அங்கு எஞ்சியது. பழைய முறையையும் தொடர்ந்து ஏற்பதாக மொசில்லா அறிவிக்க, குரோம் பயனர் சிலர் பயர்பொக்சை நோக்கிப் புறப்பட்டனர். 2013 இல் ஒபேராவை விட்டுவந்தோர் முன்னர் நடந்த அதே பாதை அது.